அம்மாவின் வெற்றிலைப் பையும் சிங்கப்பூர்ச் சுங்கமும்

கல்லடியிலிருந்து:

இலங்கைக் கடவுச்சீட்டில் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க விசா தேவையில்லை. அதைக் கேட்டதும் பலர் மற்றதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் விலாசம் இரண்டும் கையில் இருக்கட்டும். போய்ச் சேரும் நாளோடு சேர்த்து 3 நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்டால் அது அரசாங்கத்தின் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் நேரம் போனது அம்மாவின் வெற்றிலைப் பையோடுதான். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் வர முன்பு பாயில் கொட்டிப் பார்த்தோம். பாக்குவெட்டி, சுண்ணாம்புக் குப்பி, பேப்பரில் சுற்றிய புகையிலை. பாக்குவெட்டி கைப்பையில் போகாது, பெரிய பெட்டிக்குள் வைத்தோம். புகையிலைதான் சிக்கல். சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு ஒன்றிலிருந்தே வரி. மெல்லும் புகையிலையோ அடியோடு தடை. வேப் என்ற மின்சிகரெட்டும் அப்படித்தான்.

"நான் என்ன மனே, விக்கவா கொண்டு போறன்?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான், ஆனால் வாய்க்கா வியாபாரத்துக்கா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. புகையிலை பக்கத்து வீட்டுக்குப் போனது. சிங்கப்பூர் போனதும் லிட்டில் இந்தியாவில் வெற்றிலை வாங்கிக் கொடுத்தோம். புகையிலை இல்லாமல் என்ன ருசி என்று முணுமுணுத்தபடியே மென்றார். தெருவில் துப்பினால் தண்டம் என்பதால் டிஷுவும் ஒரு சொப்பிங் பையும் எப்போதும் என் கையில்!

அக்கரைப்பற்றிலிருந்து:

எங்களுக்கு வெற்றிலை இல்லை, பார்சல். துபாய்க்குப் போகிறேன் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு ராத்தா அங்கே இருக்கும் தன் மகனுக்குத் தொதல் இனிப்புக் கொண்டுவந்து தந்தார். நான் அவர் முன்னாலேயே பிரித்தேன். தொதலுக்கு அடியில் முதுகு வலிக்கு என்று நாலைந்து மாத்திரை அட்டைகள், மருந்துச் சிட்டை இல்லை.

"தம்பி, என்ட புள்ளைக்கு நான் கெடுதியா அனுப்பப் போறன்?" என்று ராத்தாவுக்குக் கோபம். ட்ரமடோல், கோடீன் கலந்த வலி மாத்திரைகள் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் கட்டுப்பாட்டு மருந்துகள். சொந்தப் பாவனைக்கே வைத்தியரின் சிட்டையும் அந்நாட்டு அரசாங்கத்தின் முன்அனுமதியும் வேண்டும். யாருக்காகக் கொண்டு போனாலும், பெட்டி என் பெயரில் என்றால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொதலை மட்டும் கொண்டு போனேன். ராத்தா ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை. பரவாயில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

மேலே எழுதிய இரண்டு பேரும் சுற்றிப் பார்க்கப் போனவர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. "விசிட் விசாவில் வந்திறங்கு, மறுகா மாத்தலாம்" என்று ஒரு முகவர் என் தங்கையிடமும் சொன்னார். விசிட் விசாவில் வேலை செய்வது எமிரேட்ஸில் குற்றம். சம்பளம் தராவிட்டால் முறையிடப் போகவும் பயமாக இருக்கும். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதே என்று நிறுத்தி வைத்தோம். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துக் கேட்கலாம்.

இப்போது அவளுக்கு ஓமானில் ஓர் இடம் சரிவரும் போல இருக்கிறது. அண்மையில் அங்கே போய்வந்த அக்காமார் யாராவது இருந்தால், விமான நிலையத்தில் என்னென்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.