எம்எக்ஸ்-5-இல் ஹோண்டா கே24: ஹெட்டின் பின்பக்க கூலண்ட் வாய் ஃபயர்வாலை இடிக்கிறது, லைனை எப்படி எடுப்பது?

மியாட்டா91

1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, வலதுபக்க ஸ்டீயரிங். 1.6 பி6 இன்ஜினை இறக்கிவிட்டு கே24ஏ2 ஏற்றியாயிற்று. கியர்பாக்ஸ் எம்எக்ஸ்-5-இன் 5 ஸ்பீடுதான், அடாப்டர் பிளேட் போட்டு மாட்டியிருக்கிறது. மவுண்ட், கிளட்ச் வரை முடிந்தது. இப்போது கூலண்ட் லைன்.

சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் கூலண்ட் வாய் இப்போது நேராக ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) பார்த்து நிற்கிறது. ஒரிஜினல் நெக்கை (அந்த வாயில் போல்ட் போட்டு மாட்டும் குட்டிக் குழாய்) வைத்தால் ஹோஸ் மாட்டவோ கிளாம்ப் திருகவோ கை போகவில்லை. நான்கு சந்தேகங்கள்:

நெக்கை வெட்டி வெல்டிங் வைப்பதா, ஸ்விவல் நெக் வாங்குவதா? எம்எக்ஸ்-5 இன்ஜின்களுக்கு தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) பின்னால் மாற்றும் "ரீரூட்" செய்கிறார்களே, கே இன்ஜினுக்கும் அது வேண்டுமா? ஹீட்டரை எடுத்துவிட நினைக்கிறேன், இரண்டு வாயையும் டம்மி போட்டு அடைக்கலாமா? பைப் என்ன அளவு, ஹோஸ் ரப்பரா சிலிகானா?

பின்சக்கரம்

ரீரூட் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அது தெளிவாகாமல் பார்ட்ஸ் வாங்கினால் பாதி வீணாகும்.

எம்எக்ஸ்-5-இன் 1.6 பி6, 1.8 பிபி இரண்டும் மாஸ்டாவின் முன்சக்கர இழுவை 323-லும் வந்த குடும்பம். அந்தக் காரில் தண்ணீர் ஃப்ளைவீல் பக்கமாக வெளியே வரும். எம்எக்ஸ்-5-க்காக நெடுக்கே திருப்பியபோது மாஸ்டா வெளிவாயையும் தெர்மோஸ்டாட்டையும் ஹெட்டின் முன்பக்கம் கொண்டுவந்தது. வாட்டர் பம்ப்பும் முன்னால், வெளிவாயும் முன்னால். தண்ணீர் எளிதான வழியாகப் பார்த்து முன்னாலேயே திரும்பிவிடும். 4-ஆம் சிலிண்டர் பக்கம் ஓட்டம் குறையும், அந்தப் பக்கம் ஹெட் சூடாகும். 2001-க்குப் பிந்தைய ஹெட் கேஸ்கெட்டில் ஓட்டைகளை மாற்றி இதை ஓரளவு சரிசெய்தார்கள். ரீரூட் என்பது இந்தக் குறைக்கான வைத்தியம்.

கே இன்ஜினில் அந்த நோயே கிடையாது. பம்ப் முன்னால், பிளாக்கைச் சுற்றி, ஹெட்டுக்கு ஏறி, பின்னால் வெளியே. நான்கு சிலிண்டரையும் கடந்துதான் தண்ணீர் வெளியேறுகிறது. உங்களுக்குத் தேவை அந்த வாயிலிருந்து ரேடியேட்டர் வரை ஒரு நல்ல பாதை மட்டுமே.

அடுத்தது தெர்மோஸ்டாட். பிபி-யில் அது வெளிவாயில் இருக்கும். கே-யில் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள ஹவுசிங்கில். 76–80 டிகிரியில் திறக்கத் தொடங்கி 90-இல் முழுக்கத் திறக்கும். அதை அங்கேயே விடுங்கள். பின்னாலும் ஒரு தெர்மோஸ்டாட் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஏறி இறங்கும், முள் ஊசலாடும். அதை எடுத்துவிட்டு தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டுவது அதைவிட மோசம்: இன்ஜின் சூடேறவே சூடேறாது, ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) வார்ம்-அப் கணக்கிலேயே பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், விடெக்கும் (ஹோண்டாவின் வால்வு திறப்பை மாற்றும் அமைப்பு) வேலை செய்யாது.

லேத்_பட்டறை

நெக் விஷயம். ஸ்விவல் நெக் வாங்குங்க. ஓ-ரிங் மேல் சுழலும், இன்ஜினை ஏற்றிய பிறகு வாயை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி நிறுத்தலாம். ஒரிஜினல் நெக்கை வெட்டி வெல்டிங் வைப்பதில் இரண்டு சிக்கல். அது வார்ப்பு அலுமினியம். உள்ளே கூலண்ட் ஊறியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் ஆர்கான் வெல்டிங்கில் நுரைத்துப் பொத்தல் விழும். வெல்டிங் சூட்டில் ஃப்ளேஞ்ச் முகமும் வளையும், பிறகு லேத்தில் முகம் எடுத்தே தீரணும். அப்படியே வெல்டிங்தான் என்றால், ஃப்ளேஞ்சைத் தடிமனான ஒரு பிளேட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு வையுங்க.

ஓ-ரிங் ஈபிடிஎம் ரப்பரா என்று கேட்டு வாங்குங்க. சாதா நைட்ரைல் ரிங் நாள்பட 100 டிகிரிக்கு மேல் வெந்தால் கல்லாகிவிடும். ஈபிடிஎம்மை மாட்டும்போது கிரீஸ், இன்ஜின் ஆயில் இரண்டும் கூடாது, ரிங் ஊதிப்போகும். கூலண்டிலேயே நனைத்து மாட்டுங்க, இல்லையென்றால் சிலிகான் கிரீஸ். ஓ-ரிங் பள்ளத்தில் பேஸ்ட் தடவ வேண்டாம். பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து உதிர்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் உட்காரும். எம்6 போல்ட்டுக்கு 12 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியத் திரெட், இழுத்து முறுக்கினால் கையோடு வந்துவிடும்.

பைப் 32 மி.மீ. வெளிவிட்டம், அலுமினியம், சுவர் 1.5 முதல் 2 மி.மீ. இரண்டு முனையிலும் பீட் (ஹோஸ் வழுக்காமல் பிடிக்கும் விளிம்பு மேடு) உருட்டியிருக்கணும். ஹோஸ் குறைந்தது 30 மி.மீ. உள்ளே ஏறணும், கிளாம்ப் பீடுக்கு அந்தப் பக்கம் உட்காரணும். பீட் மேலேயே கிளாம்ப்பை வைத்து இறுக்கியதை நிறைய வண்டியில் பார்க்கலாம். சூட்டில் ரப்பர் தளர்ந்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

காரில் மாட்டும் முன் பைப்பின் ஒரு முனையை அடைத்து, கைப்பம்ப்பால் 1.4 பார் காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் அடியுங்க. வெல்டிங் ஓட்டையை அப்போதே பார்த்துவிடலாம்.

நெடுக்கு_இன்ஜின்

பாதையைப் பற்றி. ஹோண்டா இன்ஜினை நெடுக்கே வைத்தால் இன்டேக் காரின் இடதுபக்கம், எக்ஸாஸ்ட் வலதுபக்கம். உங்கள் காரில் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் வலதுபக்கமே. அங்கே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஷாஃப்ட் இரண்டுக்கும் இடையில் தண்ணீர் லைனையும் நுழைக்காதீர்கள். ஸ்விவலை இடதுபக்கம் திருப்பி, வால்வு கவருக்கும் இன்டேக் ரன்னருக்கும் நடுவே முன்னோக்கிக் கொண்டுபோங்கள். அந்தப் பக்கம் சூடு குறைவு, கையும் போகும்.

நீளமான அலுமினியப் பைப்பை இன்ஜினோடு பிடியுங்கள், பாடியோடு வேண்டாம். மவுண்ட்டில் இன்ஜின் ஆடும். அந்த ஆட்டத்தை ரேடியேட்டரில் மாட்டும் ரப்பர் ஹோஸ் வாங்கிக்கொள்ளணும். பைப்பை பாடியில் பிடித்தால் ஆட்டமெல்லாம் பின்பக்க நெக்கின் ஓ-ரிங்கில்தான் போய் விழும். கசிவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஃபயர்வால் பக்கம்.

கீழ் ஹோஸை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. அதிக ஆர்பிஎம்மில் மெல்லிய ஹோஸ் வளைவில் சப்பிக்கொள்ளும், ஓட்டம் நின்றுவிடும். நகரத்தில் சரியாக ஓடி, நெடுஞ்சாலையில் மட்டும் சூடு ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். வளைவுகளை பைப்பில் செய்யுங்கள், ஹோஸ் குட்டையாக நேராக இருக்கட்டும். நீள ஹோஸ் தவிர்க்க முடியாவிட்டால் உள்ளே ஸ்டீல் ஸ்பிரிங் போடணும்.

ரப்பரா சிலிகானா: என் ஓட்டு ஈபிடிஎம் ரப்பர், ஸ்பிரிங் கிளாம்ப். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குவதற்கு ஏற்றபடி ஸ்பிரிங் கிளாம்ப் தானே பிடியை மாற்றிக்கொள்ளும். சிலிகான் போட்டால் உள்பக்கம் வழவழப்பான பட்டை உள்ள கிளாம்ப்பே வேண்டும். ஓட்டை ஓட்டையான சாதா கிளாம்ப் சிலிகானை அறுத்துவிடும்.

பின்சக்கரம்

ஹீட்டர் கேள்வி விட்டுப்போயிற்று, உண்மையில் அதுதான் இதில் ஆபத்தானது. இரண்டு வாயையும் டம்மி போட்டு அடைக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட் உறிஞ்சும் பக்கம் இருப்பதால், மூடியிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீர் பம்ப்புக்கு வராது. அப்போது ஹெட்டிலிருந்து வெளியேறும் சூடான தண்ணீர் ஹீட்டர், பைபாஸ் வழியாகத் தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்குத் திரும்பி வந்து மெழுகுக் குமிழைச் சுட வேண்டும். அந்தச் சூடு பட்டால்தான் வால்வு திறக்கும். திரும்பும் வழியை அடைத்தால் ஹெட்டில் தண்ணீர் கொதிக்கும், ஹவுசிங்கில் குளிர்ந்த தண்ணீர் நிற்கும், வால்வு எதுவும் அறியாமல் மூடியே இருக்கும். முள் 110-ஐத் தாண்டும்போது ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். பலர் தெர்மோஸ்டாட் கெட்டுப்போச்சு என்று புதிது வாங்குவது இந்த இடத்தில்தான்.

ஹீட்டர் வேண்டாம் என்றால் போகும் வாயையும் திரும்பும் வாயையும் 16 மி.மீ. ஹீட்டர் ஹோஸால் நேரடியாக இணைத்துவிடுங்கள். ஹீட்டரை வைத்துக்கொண்டு கோடையில் மூட வால்வு போடுவதானால், நான்கு வாய் உள்ள பைபாஸ் வால்வு போடுங்கள்; இரண்டு வாய் வால்வு மூடினால் மேலே சொன்ன அதே நிலைதான். என்னைக் கேட்டால் ஹீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பனியை நீக்க வேண்டும், அவசரத்தில் அது ஒரு குட்டி ரேடியேட்டராகவும் உதவும்.

த்ராட்டில் பாடிக்குப் போகும் சன்ன ஹோஸ்களை மட்டும் பயமில்லாமல் எடுத்துவிடலாம். அந்த இரு முனைகளையும் அடைத்தால் போதும்.

மியாட்டா91

நன்றி. ஸ்விவல் நெக், இடதுபக்கப் பாதை, ஹீட்டர் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு. பானெட் தாழ்வாக இருப்பதால் ஸ்விவல் நெக் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் நிற்கிறது, ஏர் லாக் ஆகுமா? எம்எக்ஸ்-5 மீட்டரின் ஒற்றை ஒயர் சென்சாரை எங்கே வைப்பது?

நெடுக்கு_இன்ஜின்

கட்டாயம் ஆகும். காற்று எப்போதும் உச்சியில் போய் நிற்கும், உங்கள் காரில் உச்சி அந்த நெக். அதன் மேல்பக்கம் 1/8 அங்குல போர்ட் ஒன்று எடுத்து, 5 மி.மீ. உள்விட்ட ஹோஸை ஃபயர்வால் பக்கம் உயரத்தில் வைத்த எக்ஸ்பேன்ஷன் டேங்குக்குக் கொடுங்கள். லைனில் 2 மி.மீ. துளையுள்ள ஒரு தடுப்பு இருக்கணும், இல்லையென்றால் ரேடியேட்டருக்குப் போக வேண்டிய தண்ணீர் இந்தக் குறுக்கு வழியில் ஓடிவிடும். டேங்கின் அடியிலிருந்து ஒரு ஹோஸ் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம் போகணும். பிரஷர் மூடி டேங்கில்தான், 1.1 பார், ரேடியேட்டரில் பிரஷர் வால்வு இல்லாத டம்மி மூடி.

நிரப்புவதற்கு வாக்குவம் ஃபில்லர் கிடைத்தால் வேறு வழியே யோசிக்காதீர்கள். காலியான சிஸ்டத்தில் 0.8 பார் வரை உறிஞ்சி, ஐந்து நிமிடம் முள் நிற்கிறதா பாருங்கள். நின்றால் லீக் இல்லை, பாதிப் பாதி கலந்த கூலண்டை அப்படியே உள்ளே இழுக்க விடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஹோஸ்கள் சப்பிக்கொண்டால் பயப்பட வேண்டாம், வாக்குவத்தில் அது இயல்பு.

வாக்குவம் இல்லையென்றால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, டேங்கில் மெதுவாக ஊற்றி, நெக்கின் போர்ட்டைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை விடணும். பிறகு ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் வைத்து, முழுக்க ஆறவிட்டு மட்டம் பாருங்கள்.

லேத்_பட்டறை

சென்சார்: ஹோண்டாவின் இரண்டு ஒயர் சென்சார் ஹெட்டின் வெளிவாயில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஈசியு அதைத்தான் நம்புது. மீட்டர் சென்சாருக்கு மேல் பைப்பில் ஒரு பாஸ் (திரெட் உள்ள தடித்த வளையம்) வெல்டிங் வைக்கலாம். ஆனால் ஒற்றை ஒயர் சென்சார் தன் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கும். உங்கள் பைப்புக்கு இரண்டு பக்கமும் ரப்பர், அதனால் எர்த் கிடைக்காது, முள் குளிர்ச்சியிலேயே படுத்திருக்கும். பாஸுக்குப் பக்கத்தில் ஒரு எம்6 திரெட் எடுத்து பிளாக்குக்கு எர்த் ஒயர் இழுங்க. திரெட்டில் டெஃப்லான் டேப் சுற்றினால் அதுவும் எர்த்தைக் கெடுக்கும். திரவ சீலன்ட் சொட்டு விட்டு மாட்டி, சென்சார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க, 1 ஓமுக்குக் கீழே காட்டணும்.