தி.நகர் வீடு (குடும்பக் குழு)

விக்கி: நம்ம பில்டிங் பேஸ்மென்ட்டைக் கேட்டு ஒரு பார்ட்டி வந்திருக்கு. ரெஸ்டாரண்ட், கூடவே காக்டெயில் லவுஞ்ச். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் தரேன்றாங்க. சரின்னு சொல்லவா?

மாலா பெரியம்மா: காக்டெயிலா?? தாத்தா படம் மாட்டியிருக்கிற பில்டிங்லயா

பாபு மாமா: வாடகை யார் அக்கவுண்ட்ல விழும்

விக்கி: அது அப்புறம் மாமா

பாபு மாமா: போன தடவையும் அப்புறம்தான்

சேகர் சித்தப்பா: லவுஞ்ச் நடக்காது. தமிழ்நாட்டுல தனி ரெஸ்டாரண்டுக்கு பார் லைசன்ஸ் கிடையாது. எஃப்.எல்.3ங்கிற பார் லைசன்ஸ் ரூம் இருக்கிற ஓட்டலுக்குத்தான். மாக்டெயில் வேணா ஊத்தட்டும். பிளான் அப்ரூவல்ல பேஸ்மென்ட் பார்க்கிங்னு இருந்தா டேபிள் போட்ட அன்னிக்கே சீல் வைக்க வழி இருக்கு.

திவ்யா: பார்ட்டி அனுப்பின மாடல் இது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஆய்ஸ்டர் பார், 1913, ரயில் நிலையத்துக்குக் கீழ. சீலிங் வளைவு வளைவா, குவாஸ்டாவினோ கம்பெனி பதிச்ச ஓடு 😍

சேகர் சித்தப்பா: அந்த ரெஸ்டாரண்ட் வாசலுக்கு வெளிய இருக்கிற வளைவுக்குக் கீழ ஒரு மூலையில முணுமுணுத்தா எதிர் மூலையில கேக்கும். ஓடு சத்தத்தைக் குடிக்காது, திருப்பி அனுப்பும். நம்மது 9 அடி தட்டை கான்கிரீட். சீலிங்ல சத்தத்தை உறிஞ்சற ராக்வூல் பலகை 50 மி.மீ., பின்னாடி கொஞ்சம் இடைவெளி. இல்லன்னா 40 பேர் உக்காந்தாலே கல்யாணப் பந்திதான்.

ரமா அத்தை: பந்தின்னதும் ஞாபகம் வந்துது. சுமதி வளைகாப்புக்கு எத்தனை பேர் வரீங்க

மாலா பெரியம்மா: நாங்க 4

விக்கி: லைட்டிங் அசத்திட்டா போதாதா சித்தப்பா?

திவ்யா: லைட் ஈஸி. 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம். சி.ஆர்.ஐ., நிறம் உள்ளபடி தெரியற அளவு, 90க்கு மேல. சீலிங்குக்கு டார்க் மேட் பெயிண்ட், வெளிச்சம் சுவர்ல விழணும், அப்பதான் அடைச்ச மாதிரி தெரியாது. டிம்மரும் எல்.இ.டி.க்கு கரண்ட் குடுக்கிற டிரைவரும் பொருந்தலன்னா குறைக்கும்போது மினுக்கும்.

சேகர் சித்தப்பா: லைட் கடைசி. முதல்ல காத்து. சிலிண்டரைக் கீழ இறக்கவே கூடாது. எல்.பி.ஜி. காத்தை விட கனம், கசிஞ்சா தரையில தேங்கும், வெளியேற வழியில்ல. கிச்சன் மேல, இல்லன்னா இண்டக்‌ஷன். கீழேயே சமைச்சா புகை போற டக்ட் மொட்டை மாடி வரைக்கும் போகணும். கிச்சன் எக்ஸாஸ்ட் 100 பங்கு காத்து இழுத்தா 80 பங்கு புதுக் காத்து உள்ள விடணும். அதுக்கும் ரொம்பக் குறைஞ்சா கதவு தொறக்க இழுக்கும், டாய்லெட் நாத்தம் ஹாலுக்கு வரும். உள்ள விடறது 100ஐத் தாண்டினா தாளிப்பு வாசனை மொத்தமும் சோஃபாவுல.

ரமா அத்தை: சேகர், பாடம் முடிஞ்சுதா 😂

சேகர் சித்தப்பா: தண்ணி பாக்கி. 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் ரெண்டையும் நினைச்சுக்கோங்க. பேஸ்மென்ட்டுக்குப் போற சாய்வு இறங்கறதுக்கு முன்னாடி ரோட்டை விட 1 அடி மேடு வேணும். ரோடு போட்டு உயர்த்தும்போதெல்லாம் அந்த உயரம் குறையும், பார்த்துக்கணும். ஈ.பி. பாக்ஸ் தரைத்தளத்துல. டாய்லெட் தெரு சாக்கடைக்குக் கீழ இருக்கு, அதனால கழிவு சேர கிணறு வெட்டி அதை மேல ஏத்த 2 பம்ப், ஜெனரேட்டர் இணைப்பு, லைன்ல தண்ணி திரும்பி வராம தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு. கரண்ட் போன மழை நாள்ல வால்வு இல்லன்னா தெருவே உள்ள வரும்.

மாலா பெரியம்மா: சீ

திவ்யா: மரப் பேனலை சுவரோட ஒட்டாதீங்க, 2 இன்ச் விடுங்க. ஒட்டினா நவம்பர்ல பின்னாடி பூஞ்சை. ராத்திரி ஏ.சி. அணைச்சாலும் காத்துல ஈரத்தை எடுக்கிற டிஹியூமிடிஃபயர் ஓடணும்.

விக்கி: இதெல்லாம் யார் செலவு, நாமளா அவங்களா?

சேகர் சித்தப்பா: கட்டடம் நம்மது, உள்வேலை அவங்களோடது. பம்ப் செலவு யாருதுன்னு பேசணும். அவசரத்துல வெளியேற ரெண்டாவது படிக்கட்டு எதிர்ப் பக்கம் வருமான்னு பிளான் பாக்கணும். பிளான் யார்கிட்ட?

மாலா பெரியம்மா: பீரோவுல. சாவி மாப்பிள்ளை கிட்ட

விக்கி: மாமா?

பாபு மாமா: ஊர்ல இல்ல. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்

விக்கி: பார்ட்டி வெள்ளிக்கிழமை வராங்க மாமா

ரமா அத்தை: வளைகாப்புக்கு 4 தானா, மத்தவங்க?