மறுமொழி: சுவர்த்தாள் ‘ரிப்பீட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். சுவர்த்தாளில் திரும்பத் திரும்ப வரும் வடிவக் கட்டம்தான் ‘ரிப்பீட்’. அது தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்கு இந்த இழையில் வந்த தமிழ்ப் பரிந்துரைகளை மேற்கோளாகத் தந்து, என் கருத்தைச் சொல்கிறேன்.

> சீம்லெஸ் ரிப்பீட் = தையலற்ற மீள்வடிவம்

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுவர்த்தாளில் தையல் ஏது? இருப்பது ஒட்டு. அந்த ஒட்டும் இல்லாமல் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். (பழந்தமிழ் படித்தவர்கள் ‘தையலற்ற’ என்பதைப் பெண்ணில்லாத வீடு என்று எடுத்துக்கொள்ளவும் கூடும்.)

ஒட்டுத் தெரியாத கட்டத்தை உருவாக்கும் விதத்தைப் பார்த்துப் பெயர் வைக்கலாம். ஓவியர் தாளின் நடுவில் கொடியும் பூவும் வரைகிறார், ஓரத்தைத் தொடுவதில்லை. அப்புறம் நெடுக்கில் ஒரு வெட்டு, குறுக்கில் ஒரு வெட்டு. நான்கு துண்டுகளையும் மூலைக்கு மூலை இடம் மாற்றி ஒட்டுகிறார். ஓரத்தில் இருந்த வெற்றிடம் இப்போது நடுவுக்கு வந்துவிடுகிறது. அங்கே கொடியை நீட்டி நிரப்புகிறார். வலது ஓரத்தில் அறுபட்ட தண்டு அடுத்த கட்டத்தின் இடது ஓரத்தில் தொடர்கிறது. கீழே அறுபட்டது மேலே தொடர்கிறது. ஃபோட்டோஷாப் மென்பொருளின் ‘ஆஃப்செட்’ வசதி செய்வதும் இதே இடமாற்றம்தான். நீர்வண்ண ஓவியமாக இருந்தால் இன்னொரு தொல்லை: கோடுகள் சரியாகச் சேர்ந்தாலும், பின்னணி ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருந்தால் சுவர் முழுக்கப் பட்டைபட்டையாகத் தெரியும். அதை முதலில் சமன் செய்ய வேண்டும்.

ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். இதற்கு நம்மிடம் அந்தாதி இருக்கிறதே! கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தோடு சேர்வதை மண்டலித்தல் என்பார்கள். இந்தக் கட்டமும் தன் முடிவில் தன் தொடக்கத்தையே தொடுகிறது. ஆகவே என் பரிந்துரை ‘அந்தாதிக் கட்டம்’.

> ரிப்பீட் = அடுக்கு / மடக்கு / அச்சு

‘அடுக்கு’ ஏற்கெனவே ‘லேயரு’க்குப் போய்விட்டது. ‘மடக்கு’ அழகான சொல், ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடக்கை அட்டவணைதான் நினைவுக்கு வரும். ‘அச்சு’ தவறாகவே ஆகிவிடும். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் 1875-ஆம் ஆண்டு ‘அகாந்தஸ்’ சுவர்த்தாளில் ஒரு முழு ரிப்பீட்டை அச்சடிக்க 30 மர அச்சுக்கட்டைகள் தேவைப்பட்டன. ஒரு ரிப்பீட்டுக்கு 30 அச்சு என்றால், ரிப்பீட்டையே அச்சு என்று எப்படிச் சொல்வது? வெறும் ‘கட்டம்’ போதும்.

> ஹாஃப் டிராப் = ஊடுபுள்ளி அமைப்பு

கோலத்திலிருந்து எடுத்தது அருமை. ஆனால் திசை மாறுகிறது. ஊடுபுள்ளியில் அடுத்த வரிசை பக்கவாட்டில் அரை இடைவெளி நகரும். அது செங்கல் கட்டுப் போன்ற ‘பிரிக் ரிப்பீட்’. அதற்கு ‘ஊடுவரிசை’ என்று வைத்துக்கொள்ளலாம், நகராமல் நேராக அடுக்கும் வகைக்கு, நேர்ப்புள்ளியைப் பின்பற்றி, ‘நேர்வரிசை’. ஹாஃப் டிராப்பில் அடுத்த நெடுவரிசை, கட்டத்தின் உயரத்தில் பாதி கீழே இறங்குகிறது. படத்தைத் திருப்பி வைத்தால் இரண்டும் ஒன்றுதானே என்று கணக்குக்காரர்கள் கேட்பார்கள். சுவரைத் திருப்பி வைக்க முடியாதே! ஐரோப்பியச் சுருள் சுமார் 53 செ.மீ. அகலம், மேலிருந்து கீழாகத்தான் ஒட்டுவார்கள். நேர்வரிசையில் பெரிய பூ ஒவ்வொரு பட்டையிலும் ஒரே உயரத்தில் வந்து, சுவரில் ஏணிப்படி போட்டதுபோல் கண்ணை உறுத்தும். பாதி இறக்கிவிட்டால் பூக்கள் சாய்வாக விலகி, ரிப்பீட் எங்கே தொடங்குகிறது என்பது மறைந்துவிடும். சுருளின் மேலுள்ள சீட்டில் 64/32 என்று போட்டிருந்தால், கட்டத்தின் உயரம் 64 செ.மீ., இறக்கம் 32. ஒட்டுகிறவர் அடுத்த பட்டையைப் பொருத்தும்போது பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான். அதனால் ‘அரையிறக்கம்’ என்றே சொல்வோம். கால்பங்கு இறங்கினால் ‘காலிறக்கம்’.

கடைசியாக, கோடுகள் தடையில்லாமல் ஓடும் வடிவத்தைக் குறிக்கும் ‘ஃப்ளோயிங்’. ‘பாயும்’ வேண்டாம், சுவரிலிருந்து புலி பாய்வதுபோல் இருக்கிறது. கோயில் சிற்பத்தில் வரும் கொடி அலங்காரமான ‘கொடிக்கருக்கு’ நல்ல சொல்தான். ஆனால் பெரும்பாலும் அது பட்டையாக ஒரே திசையில் ஓடுவது. சுவர்த்தாளில் கொடி நாற்புறமும் படர வேண்டும். ‘கொடியோட்டம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். கொடியே இல்லாமல் அலைக்கோடுகள் மட்டும் ஓடும் தாளுக்கு இது பொருந்தாது. அதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் இதே இழையில் அனுப்புங்கள்.