கண்ணகி சிலை ஸ்டாப்பிங்

சின்ன வயசில் எனக்குக் கண்ணகி என்றால் காப்பியம் இல்லை, பஸ் ஸ்டாப். மெரினாவில், பாரதி சாலை கடற்கரைச் சாலையில் வந்து முட்டுகிற இடம். 2001 டிசம்பரில், லாரி மோதிப் பீடம் சேதமாகிவிட்டது என்று சிலையை எடுத்து எழும்பூர் மியூசியத்தில் போட்டார்கள். (வாஸ்து சரியில்லை என்று எடுத்ததாகவும் ஊரில் கதைகள் உண்டு, விடுங்கள்.) அப்புறமும் கண்டக்டர் "கண்ணகி சிலை எறங்கு" என்றுதான் கத்துவார். இறங்கினால் வெறும் இடம். 2006 ஜூனில் திரும்ப வைத்தார்கள். ஆபீஸில் பெர்மிஷன் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

போன மாதம் மகளோடு போனேன். "ஏம்ப்பா ஒரு கொலுசுதான் வச்சிருக்காங்க?" என்றாள். இன்னொன்றைத்தான் கோவலன் விற்கக் கொண்டுபோனான் என்றேன். "அப்போ போட்டு உடைச்சது எது?" நான் முழித்தேன். வீட்டுக்கு வந்து சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் புரட்டினால், உடைபட்டது கோவலனிடம் பறித்த சிலம்பு. பாண்டியன் அதைக் கொண்டுவரச் சொல்லி முன்னால் வைக்கிறான், அவள் உடைக்கிறாள், மாணிக்கப் பரல் அவன் வாயருகே தெறிக்கிறது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. இத்தனை வருஷமாக, கையில் இருப்பதைத்தான் உடைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

*

நானும் அப்படித்தான் நினைத்தேன், சார். அதே காதையில் வாயில்காவலன் அரசனிடம் ஓடிப்போய்ச் சொல்வான்: "பொற்றொழிற் சிலம்பொன்று ஏந்திய கையள், கணவனை இழந்தாள் கடையகத்தாளே." சிலையும் அந்தக் கோலம்தான். மதுரை இன்னும் எரியவில்லை. தினமும் சிக்னலில் பைக்கை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிற நாமெல்லாம் அந்தக் காவலன் கணக்குத்தான். அவனாவது உள்ளே போய்ச் சொன்னான். நமக்குப் பச்சை விழுந்துவிடும்.

*

பூம்புகார் கலைக்கூடம் போனீர்களா? முழுக் கதையும் சுவரில் சிற்பமாக இருக்கிறது. ஆனால் அங்கே நின்று பார்க்கும்போது வராத ஒரு பதற்றம், மெரினாவில் பஸ் ஜன்னல் வழியாக ஒரு நொடி பார்த்தால் வருகிறது. ஏனென்று தெரியவில்லை.

*

நான் மட்டக்களப்பு. எங்களுக்கு அவ கண்ணகை அம்மன். வைகாசியில கதவு திறந்து, சடங்கு செய்து, கடைசியில குளிர்த்தி பாடுவாங்க. மதுரையை எரிச்ச சூடு தணியவேணும் எண்டு. முதல் தரம் சென்னைக்கு வந்தநேரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனன். 1968 தமிழ் மாநாட்டுக்கு வச்ச சிலை எண்டு நான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிக்கிறன், அம்மா செருப்பைக் கழட்டிப்போட்டு நிக்கிறா. நல்ல வெயில், தரை கொதிக்குது. கொஞ்சநேரம் மேல பார்த்திட்டு, "இவவுக்கு ஆரும் குளிர்த்தி பாடேல்லையா?" எண்டு கேட்டா. பிறகு, ரோட்டுச் சத்தத்துக்குள்ளேயே, தனக்குத் தெரிஞ்ச ரெண்டு வரியை மெல்லமாப் பாடினா.