புதுப்பிப்பு: சென்னையிலிருந்து தென்காசிக்குக் குடிபெயர்வது பற்றிய என் கேள்வி

அலுவலக வேலையை வீட்டிலிருந்தே செய்ய அனுமதி கிடைத்ததால், அம்மாவுடன் தென்காசிக்குக் குடிபெயரலாமா என்று ஆண்டின் தொடக்கத்தில் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. குடிபெயர்ந்துவிட்டோம்.

முடிவெடுக்கப் பெரிதும் உதவியது, சென்னை வீட்டைக் காலி செய்யாமல் சாரல் காலத்தில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கச் சொன்ன யோசனைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தங்கினோம். ஊரில் ஃபைபர் இணைப்பு உண்டு என்பதோடு நில்லாமல், குடியேறப்போகும் தெருவிலேயே விசாரிக்கச் சொன்னவரின் அறிவுரையும் பலித்தது. முதலில் பிடித்திருந்த வீட்டை அதனால்தான் விட்டோம்.

நாங்கள் எதிர்பாராதது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆடியில் இரவு பகலாக வீசியது; சாரலில் துணி உலர இரண்டு நாள் ஆனது, அம்மாவுக்கு மூட்டுவலியும் கூடியது. மேற்குப் பார்த்த மாடி வீட்டை விட்டு, கிழக்குப் பார்த்த தரைத்தள வீட்டுக்கு மாறிய பிறகு அவர் நிம்மதியாக உறங்குகிறார். ஆகவே, வீடு பார்க்கிறவர்கள் திசையைக் கட்டாயம் கவனியுங்கள்.

சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தள்ளியுள்ள திருநெல்வேலிக்குத்தான் போகிறோம். மாதாந்திர அலுவலகக் கூட்டத்துக்கு, பொதிகை விரைவு ரயிலில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை சென்னையில் இருக்க முடிகிறது.