வெள்ளை பெயின்ட் அடித்தால் 40 சதவீதம் மிச்சமா?

கிளாம்ப்மீட்டர்: நம் குழு நண்பர் 'மொட்டைமாடி' தன் வீட்டு மாடியில் வெயில் தடுப்பு வெள்ளை பெயின்ட் அடித்து, நான்கு ஃபேனையும் கரன்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினாராம். மே-ஜூனில் 910 யூனிட், நவம்பர்-டிசம்பரில் 540. "40 சதவீதம் மிச்சம்" என்று தம்பட்டம். சென்னையில் டிசம்பரில் யாருக்கு ஐயா பில் குறையாது? பெயின்ட் பார்க்காத என் வீட்டிலும்தான் குறைந்தது.

மொட்டைமாடி: டிசம்பரிலும் நாங்கள் ஏசி போடுவோம். என் மீட்டரை நான்தான் பார்க்கிறேன், நீங்கள் இல்லை.

கிளாம்ப்மீட்டர்: மேயோடு டிசம்பரை ஒப்பிட்டது யார்? போன வருஷ நவம்பர்-டிசம்பர் பில் எங்கே? பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி 28 என்றே வைப்போம். நான்கு ஃபேன், தினம் 12 மணி நேரம், 60 நாள்: 135 யூனிட். மீதி 235 யூனிட் பெயின்டால் போனதா, ஐப்பசி அடைமழையால் போனதா?

கீழ்வீட்டுக்காரன்: பெயின்ட் நல்லதுதான். இப்போது மத்தியானத்திலும் எங்கள் மாடியில் வெறுங்காலோடு நிற்க முடிகிறது.

மொட்டைமாடி: கேட்டீர்களா!

கிளாம்ப்மீட்டர்: உள்ளங்காலுக்கு யூனிட் தெரியுமா? மிச்சத்தை எந்த மீட்டரும் காட்டாது. மாற்றாமல் விட்டிருந்தால் எவ்வளவு ஓடியிருக்கும் என்று, வெயிலையும் ஆள் எண்ணிக்கையையும் சரிக்கட்டிக் கணக்கிட்டு, அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். மிச்சத்தை அளக்க உலகமெங்கும் பயன்படுத்தும் ஐபிஎம்விபி முறை என்பது இதுதான். அப்புறம், ஜூலையில் பையன் ஹாஸ்டலுக்குப் போனதாக நீங்களே இங்கே எழுதினீர்கள். அவன் ரூம் ஏசி?

மொட்டைமாடி: பிள்ளையை ஏன் இழுக்கிறீர்கள்? இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்தில் நான் உங்களைத் திருத்திய வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை போல.

கிளாம்ப்மீட்டர்: திருத்தினீர்களா! ட்யூபுலர் பேட்டரிக்குத் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்ற மேதை நீங்கள்தானே?

சும்மாபார்வை: ரூபாயில் எவ்வளவு குறைந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லையே?

மொட்டைமாடி: 40 சதவீதம். பில் கையில் இருக்கிறது.

கிளாம்ப்மீட்டர்: மே பில்.

மொட்டைமாடி: டிசம்பர் பில்லும்தான்.

கிளாம்ப்மீட்டர்: எந்த வருஷ டிசம்பர்? அதைத்தான் காலையிலிருந்து கேட்கிறேன். பதில் வராது, தெரியும்.

கீழ்வீட்டுக்காரன்: சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். ட்யூபுலருக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?

கிளாம்ப்மீட்டர்: கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மொட்டைமாடி: நாளைக்கு ஸ்கேன் செய்து போடுகிறேன். 40 சதவீதம்!