தரையில் மஞ்சள் எச்சரிக்கை, கடலில் புயல் எச்சரிக்கை: ஸ்காட்லாந்துக் குளிர்காலத்தில் எதை நம்பிப் பயணிப்பது?

மேற்குத்தீவுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணியின் பொருட்டு ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னவே நகருக்குக் குடிவந்திருக்கிறேன். இங்கு எனக்கு இதுவே முதல் குளிர்காலம். தீவிலிருந்து அல்லாபூலுக்கு ஃபெரியில் சென்று, அங்கிருந்து காரில் இன்வெர்னஸ் போய்வர வேண்டிய தேவை அடிக்கடி ஏற்படுகிறது.

பிரித்தானிய வானிலை அலுவலகமான மெட் ஆபிஸ் தரைப்பகுதிக்கு மஞ்சள், ஆம்பர் (செம்மஞ்சள்), சிவப்பு என்று மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடுகிறது. கடலுக்கோ நிறமே இல்லை; காற்றின் விசையை எண்ணால் சொல்கிறார்கள். சென்ற வாரம் எங்கள் தீவுக்கு மஞ்சள் எச்சரிக்கை மட்டுமே இருந்தது. அதே நாளில் எங்கள் தீவைச் சூழ்ந்த ஹெப்ரிடீஸ் கடற்பகுதிக்கு விசை 10 புயல் எச்சரிக்கை வந்தது. ஃபெரியை நிறுத்திவிட்டார்கள், ஆனால் ஊருக்குள் கடைகளும் பள்ளிகளும் வழக்கம்போல் இயங்கின. ஒரே அலுவலகம் ஒரே காற்றைப் பற்றி இவ்வளவு வேறுபாடாகச் சொல்வது ஏன்? பயணத்தைத் திட்டமிடும்போது இரண்டில் எதை முதன்மையாகக் கொள்வது?

நெய்தலான் எழுதியது:

நீங்கள் முரண்பாடு என்று நினைப்பது உண்மையில் முரண்பாடு அன்று. இரண்டும் அளப்பது வெவ்வேறு பொருளை. தரை எச்சரிக்கையின் நிறம் காற்றின் வேகத்தைச் சொல்வதில்லை, அந்தக் காற்றால் மக்களுக்கு என்ன நேரக்கூடும் என்பதைச் சொல்கிறது. அதனால்தான் மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்று வீச்சு ஹெப்ரிடீஸ் தீவுகளில் மஞ்சளாகவும், அதே வேகம் மக்கள் நெருக்கமாக வாழும் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஆம்பராகவும் ஆகலாம். உங்கள் தீவில் விழுவதற்கு மரங்களே குறைவு, வீடுகளும் காற்றுக்கென்றே தாழ்வாகவும் கெட்டியாகவும் கட்டப்பட்டவை.

நிறம் எப்படி முடிவாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான்குக்கு நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையில் ஒரு பக்கம் பாதிப்பின் அளவும் மறுபக்கம் அது நிகழும் வாய்ப்பும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தின் நிறமே எச்சரிக்கையின் நிறம். சிறிய பாதிப்பு அநேகமாக உறுதி என்றாலும் மஞ்சள்தான். மிகப் பெரிய பாதிப்புக்கு மிகச் சிறிய வாய்ப்பு இருந்தாலும் மஞ்சள்தான். முதல் வகை மஞ்சளுக்குக் குடையை வீட்டில் வைத்துவிட்டுத் தொப்பியோடு போனால் போதும். இரண்டாவது வகை மஞ்சள் அடுத்த நாளே சிவப்பாக மாறக்கூடியது. ஒவ்வொரு எச்சரிக்கையுடனும் அந்த அட்டவணையை இணையதளத்தில் வெளியிடுகிறார்கள், எந்தக் கட்டம் என்று குறியிட்டும் காட்டுகிறார்கள். நிறத்தை மட்டும் பார்ப்பவர்கள் பாதிச் செய்தியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

கடலுக்கு வருவோம். அங்கே காற்றின் விசையை எண்ணால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோல்தான் பேசும். சராசரிக் காற்று 34 நாட் (knot, அதாவது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தை எட்டினால் விசை 8, அதாவது சூறைக்காற்று. 41 முதல் 47 வரை விசை 9, கடுஞ்சூறை. 48 முதல் 55 வரை விசை 10, புயல். 64 நாட் வேகமும் அதற்கு மேலும் விசை 12. தரைச் செய்திகளில் வருவது பெரும்பாலும் திடீர் வீச்சின் வேகம், கடல் அறிக்கையில் வருவது சராசரி வேகம் என்பதால் இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. கடற்பரப்பில் உராய்வு குறைவு என்பதால் காற்று அங்கே தரையைவிட வேகமாகவே ஓடும்.

கடல் எச்சரிக்கையில் நேரத்தைக் குறிக்கும் சொற்களுக்கும் திட்டமான அளவு உண்டு. ‘இம்மினென்ட்’ என்றால் 6 மணி நேரத்துக்குள், ‘சூன்’ என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள், ‘லேட்டர்’ என்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் காற்று அந்த விசையை எட்டும். மேலும், பிரித்தானியத் தீவுகளைச் சுற்றியுள்ள 31 கடற்பகுதிகளில் ஹெப்ரிடீஸ் என்பது மேற்கே வெகுதூரம் விரிந்தது. அதன் ஒரு மூலையில் மட்டும் புயல் இருந்தாலும் பகுதி முழுமைக்குமே எச்சரிக்கை வரும். நீங்கள் கடப்பது மின்ச் நீரிணை என்பதால், கரையிலிருந்து 12 கடல்மைல் வரையிலான நீர்ப்பகுதிக்குத் தனியாக வரும் கரையோர முன்னறிவிப்பையே முதலில் படியுங்கள். அதில் விசை 6-க்கே வலுக்காற்று எச்சரிக்கை உண்டு.

இந்த ஏற்பாட்டின் வேர் 1859-ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் வேல்ஸின் ஆங்கில்சீ கரையில் மோதி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே, ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861-இல் துறைமுகங்களுக்குத் தந்திவழிப் புயல் எச்சரிக்கையைத் தொடங்கினார். தந்தி கிடைத்ததும் துறைமுகக் கம்பத்தில் ஏற்றிய கூம்பின் நுனி மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்தும், கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்தும் சூறை வரும் என்று பொருள். நம்மூர்த் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வடகாற்று எழுதியது:

நெய்தலான் ஐயா கூறியவற்றை ஏற்கிறேன். ஆனால் தொப்பியோடு போனால் போதும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்காமல் மஞ்சளை எளிதாக எடுத்துக்கொள்வது இந்நாட்டில் ஆபத்து.

2021 நவம்பர் 26 அன்று வீசிய ஆர்வென் புயலை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனில் பெரும்பாலான புயல்கள் தென்மேற்கு அல்லது மேற்கிலிருந்து வருபவை. மரங்களின் வேரும் அந்தத் திசைக்கு ஏற்பவே ஊன்றியிருக்கும். ஆர்வென் வடக்கு, வடகிழக்கிலிருந்து அடித்தது. நார்தம்பர்லாந்தின் பிரிஸ்லி வுட்டில் மணிக்கு 98 மைல் வீச்சு பதிவாயிற்று. கிழக்கு ஸ்காட்லாந்தில் தோட்டங்களாக வளர்க்கப்பட்ட காடுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரம் இழந்தன, சில சிற்றூர்களுக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக அது திரும்பவில்லை. மின்சாரத்தால் இயங்கும் வெப்பமூட்டியும் அடுப்பும் மட்டுமே உள்ள வீடுகளில், வெளியே உறைபனி நிலையில், அந்த ஒரு வாரம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மின்வெட்டுக்கு 105 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதையும், எரிவாயு அடுப்பு ஒன்றும் பேட்டரி வானொலி ஒன்றும் வீட்டில் வைத்திருப்பது தீவில் ஆடம்பரம் ஆகாது என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அடுப்பை மூடிய அறையில் எரிக்கவே வேண்டாம்.

சிவப்பு எச்சரிக்கை அரிது. வந்தால் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2025 ஜனவரி 24-இல் எயோவின் புயலின்போது வட அயர்லாந்துக்கும் நடு ஸ்காட்லாந்துக்கும் சிவப்பு வந்தது. ஏறத்தாழ 45 லட்சம் பேரின் கைபேசிகளுக்கு அரசின் அவசர எச்சரிக்கையும் போயிற்று. அயர்லாந்தின் மேஸ் ஹெட்டில் அன்று பதிவான வீச்சு, 1945-இல் அந்நாட்டின் ஃபாய்ன்ஸில் பதிவான மணிக்கு 182 கிலோமீட்டரையும் மிஞ்சியது.

வலைஞன் எழுதியது:

மீன்பிடிப் படகுகளில் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். குளிர்காலக் கடலில் காற்றைவிட நாங்கள் அஞ்சுவது பனி ஏறுவதை. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே வெகுவாக இறங்கும்போது, அலைத்துளி பாய்மரத்திலும் கம்பிகளிலும் மேல்தளத்திலும் பட்ட இடத்திலேயே கட்டியாகிவிடும். எடை மேலே கூடக்கூடக் கப்பலின் சமநிலை குறையும். ஒருபக்கம் சாய்ந்தால் நிமிரத் தாமதிக்கும், பிறகு நிமிராது. கோடரியும் கடப்பாரையும் கொண்டு இரவு முழுவதும் பனியை உடைத்துக் கடலில் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. கடல் அறிக்கையில் தென்கிழக்கு ஐஸ்லாந்துப் பகுதிக்குச் சில வேளைகளில் பனி ஏற்றம் பற்றிய குறிப்பு வருவது இதற்காகத்தான்.

1968 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தைச் சேர்ந்த செயின்ட் ரொமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லேண்ட் என்ற மூன்று இழுவலைக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் இறந்தனர். கடைசிக் கப்பல் ஐஸ்லாந்தின் ஒரு கடற்கழியில் புயலுக்கு ஒதுங்கி நின்ற நிலையிலேயே பனிச்சுமையோடு கவிழ்ந்தது. அதிலிருந்து ஒருவர் மட்டுமே பிழைத்தார். செயின்ட் ரொமானஸில் வானொலி இயக்குநரே இல்லை. லில்லியன் பிலோக்கா என்ற பெண்மணியின் தலைமையில் மீனவர் குடும்பத்துப் பெண்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகுதான், வானிலைத் தகவலுக்கும் மருத்துவ உதவிக்கும் என்று ஐஸ்லாந்துக் கடலுக்குத் தனிக் கப்பல் அனுப்பப்பட்டது. எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதைக் கேட்கக் கப்பலில் ஆள் வேண்டும் அல்லவா?

மின்ச் நீரிணையில் பனி ஏற்றம் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே அலை உயரத்தைப் பாருங்கள். அறிக்கையில் 4 மீட்டர் என்றிருந்தால், அது அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி; தனியொரு அலை அதைப்போல் இரு மடங்கு எழலாம். மேலும் ஃபெரியை நிறுத்துவது நடுக்கடலின் நிலை மட்டுமன்று. துறையில் கப்பலைப் பாதுகாப்பாக அணைக்க முடியுமா என்பதே பல நாள் முடிவைத் தீர்மானிக்கிறது.

மேற்குத்தீவுக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அட்டவணையில் உள்ள குறியை இன்றுதான் கவனித்தேன். சென்ற வாரத்து மஞ்சள், பெரிய பாதிப்புக்குச் சிறிய வாய்ப்பு என்ற வகையைச் சேர்ந்தது. இன்னொரு ஐயம். ஃபெரி ஓடுகிறது, ஆனால் மறுகரையில் பனிப்பொழிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை என்றால், அல்லாபூலிலிருந்து இன்வெர்னஸ் வரையிலான ஏறத்தாழ 90 கிலோமீட்டரை இரவில் ஓட்டலாமா?

வடகாற்று எழுதியது:

அந்தச் சாலை கடல்மட்டத்தில் தொடங்கினாலும் இடையில் மலைமேட்டைக் கடந்து செல்வது. பனிப்பொழிவு எச்சரிக்கையின் உள்விவரத்தில் தாழ்நிலத்துக்கு ஓர் அளவும், 200 அல்லது 300 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கு வேறோர் அளவும் கொடுத்திருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. துறையில் இறங்கும்போது மழைதானே பெய்கிறது என்று கிளம்பி, மேட்டில் பனியில் சிக்குவதே இங்கு வழக்கமான விபத்து. 2018 பிப்ரவரி 28-இல் நடு ஸ்காட்லாந்துக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தபோது, எம்80 நெடுஞ்சாலையிலேயே நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுவதும் நின்றன. உங்கள் சாலையிலோ உதவிக்கு அருகில் ஊரும் குறைவு. இரவில் வேண்டாம். அல்லாபூலில் தங்கி, காலையில் டிராஃபிக் ஸ்காட்லாந்து இணையதளத்தில் சாலையின் நிலையைப் பார்த்துவிட்டு, மண்வெட்டி, கம்பளி, முழுதும் மின்னேற்றிய கைபேசி, வெந்நீர்க் குடுவை ஆகியவற்றோடு கிளம்புங்கள்.